வேம்புலியின் பம்பு

திருமுல்லைவாயில் மேடு,
8-3-1943

என் அக்காள் பெற்ற பிள்ளையும் என் மகள் நாகவல்லியைக் கட்டியவனுமாகிய தசரதனுக்கு உன் மாமன் சின்னப்பையன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்போடு இருக்கிறோம். ஜாம்ஷெட்பூர் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

நீ போன பிறகு இங்கே நடந்ததைச் சொன்னால் பாரதம் மாதிரி பத்து ராத்திரி சொல்ல வேண்டும். ஆவடியில் பட்டாளத்து முகாம் வந்ததல்லவா, நம் குடிசைகள் இருந்த இடமும் அந்த நல்ல தண்ணீர்க் கிணறும் இப்போது முள்வேலிக்கு உள்ளே. நம்மை இந்த மேட்டில் குடிசை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். லேசுப்பட்ட மேடு இல்லை. கண் கூர்மையாக இருந்தால் இங்கிருந்தே மெட்ராஸ் லைட் ஹவுஸ் தெரியும். எனக்குத் தெரிகிறது. ஒரே குறை தண்ணீர்தான். கீழே ஒரு குட்டை, உப்பும் பாசியும். ஊர்க் கிணற்றுப் பக்கம் நம்மை விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாததா. பெண்கள் அம்பத்தூர் ஸ்டேஷன் குழாய் வரைக்கும் நடந்து கொண்டுவருகிறார்கள்.

அதற்கும் உன் மாமன் வழி பண்ணிவிட்டேன். ஏரிக்கரைக் கிணற்றில் பம்பு வைத்து முகாம் தொட்டிக்குக் குழாய் போடும் வேலையை வீரராகவன் என்கிற கண்ட்ராக்டர் எடுத்திருக்கிறார். கீழ்ப்பாக்கத்தில் மெட்ராஸ் பட்டணத்துக்கே குழாய் பூட்டினவன் நான் என்று அவரிடம் சொன்னேன். (அங்கே நான் குழாய் சுமந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களை நம்பாதே.) அந்த நிமிஷமே என்னைப் பைப் மேஸ்திரி ஆக்கிவிட்டார். வெள்ளைக்கார அதிகாரியும் வந்தார். குழாய் நம் மேட்டு ஓரமாகத்தான் போகிறது. நான் அவரிடம் இங்கிலீஷிலேயே பேசினேன், அவர் தோளில் தட்டினார். சோதனை நாளன்று முகாம் தொட்டி வாய் வரைக்கும் நிரம்பினால் மேட்டு சனத்துக்கு ஒரு குழாய் விடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நிரம்பாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்வார்களாம், நமக்குக் குழாயும் கிடையாதாம். நிரம்பாமல் எங்கே போகும், பூட்டுவது யார்.

நாகவல்லிக்கு மூன்றாம் மாதம். மசக்கையைக் கூட ராஜா வீட்டுப் பெண் மாதிரி மிடுக்காகத்தான் படுகிறாள். நீ தைரியமாக இரு. எண்ணெய் தேய்த்துக் குளி.

இப்படிக்கு உன் மாமன்,
சின்னப்பையன், பைப் மேஸ்திரி.


ஜாம்ஷெட்பூர்,
20-3-1943

மாமா அவர்களுக்கும் கன்னியம்மாள் அத்தைக்கும் தசரதன் கைகூப்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் எல்லோருடைய உடம்பும் மனதும் நன்றாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைக் கூட இருக்கும் தமிழ் ஆட்களுக்குப் படித்துக் காட்டினேன். லைட் ஹவுஸ் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன் மாமா.

யுத்த வேலை என்பதால் இங்கே லீவு என்ற பேச்சே இல்லை. பெருத்த குழாயும் சிறுத்த குழாயும் சேருகிற இடத்தில் வைக்கும் உருக்கு ரெடியூசர் செய்கிற பட்டறையில் போட்டிருக்கிறார்கள். குழாயைப் பழுக்கக் காய்ச்சி வாயைச் சுருக்குகிற வேலை.

நாகவல்லியைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். அவளும் ஸ்டேஷன் வரை குடம் தூக்கிப் போகிறாளா? குட்டைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். அவள் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தசரதன்.


திருமுல்லைவாயில் மேடு,
2-4-1943

மருமகப் பிள்ளைக்கு மாமனின் ஆசீர்வாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் நம் வீட்டுக்குள் மட்டும் எங்கிருந்தோ குளுகுளு காற்று வருகிறது. நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

வேலை குதிரைப் பாய்ச்சலில் போகிறது. கண்ட்ராக்டர் என்னைக் கேட்காமல் ஒரு ஆணி கூட அடிப்பதில்லை.

ஒரு வேடிக்கை கேள். பாடியில் வேம்புலி என்று ஒருவன் இருக்கிறான். உனக்குத் தெரியாத ஆள். அவனும் பம்பு வேலை எடுத்துக்கொண்டு விழிக்கிறான். கிணற்றிலிருந்து படுத்த வாக்கில் வருகிற உறிஞ்சு குழாய் ஆறங்குலம். பம்பின் வாயோ நாலங்குலம். நடுவிலே ரெடியூசர் வைத்தான். எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி சுற்றிலும் ஒரே சீராகச் சரிந்து, பார்க்கக் கோயில் கலசம் போல இருக்கும். பிராட்வே கடையில் கண்ட்ராக்டர் வாங்கினது, அதாவது அவன் கண்ட்ராக்டர். எஞ்சினை ஓட்டினால் கொஞ்ச நேரம் தண்ணீர் கொட்டுகிறது. அப்புறம் இருமுகிறது. அப்புறம் வெறும் காற்று. மறுபடி பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி ஓட்டினால் மறுபடி அதே கதை. கிணற்றுக்குள் குழாய் நுனியில் இருக்கிற அடிவால்வைக் கழற்றிப் பார்த்தேன், அதாவது பார்த்தான், சுத்தமாக இருக்கிறது. காற்று புகாமல் மூட்டுக்கு மூட்டு சணலும் வெள்ளை ஈயப் பசையும் வைத்து முறுக்கியாகிவிட்டது.

என்னிடம் வந்து, "இன்னா மேஸ்திரி, எம் பம்பு கெய்வன் மாரி இருமிக்கினே கீது" என்று அழாத குறை. எனக்குக் காரணம் தெரியும். உடனே சொல்லிவிட்டால் மரியாதை இல்லை என்று விட்டுவைத்திருக்கிறேன். நீ பெரிய பட்டறையில் என்னதான் கற்றுக்கொண்டாய் என்று பார்க்க வேண்டும். காரணத்தையும் மாற்றையும் எழுது. சீக்கிரம் எழுது. அவனுக்கு அவசரம்.

நாகவல்லி நன்றாக இருக்கிறாள். ஸ்டேஷன் வரைக்கும் நடப்பது பிள்ளைத்தாச்சிக்கு நல்லதென்று டாக்டர்களே சொல்கிறார்கள். உன் அத்தை முகாமில் ஜல்லி உடைக்கப் போய்விடுவதால் வீட்டுத் தண்ணீர் அவள் பொறுப்பு.

சுகமாக இரு, மறக்காமல் எழுது.
சின்னப்பையன், ஹெட் பைப் மேஸ்திரி.


ஜாம்ஷெட்பூர்,
14-4-1943

மாமாவுக்கும் அத்தைக்கும் வருஷப் பிறப்பு வணக்கம். இங்கே வேப்பம்பூ கிடைக்கவில்லை. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இந்த வருஷத்தைத் தாண்ட வேண்டும்.

வேம்புலி விஷயம். பம்புக்குள் போகிற படுத்த குழாயில் புனல் மாதிரி ரெடியூசர் உதவாது. காற்று ஒதுங்கித் தங்க அதில் இடம் இருக்கிறது. தங்கிய காற்று பெருத்துப் பம்பின் வாயை அடைக்கிறது, அதுதான் இருமல். அங்கே ஒரு பக்கம் நேர்க்கோடாகத் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் இருக்கும் ரெடியூசர் வேண்டும். புதிது கிடைக்காவிட்டால் ஆறங்குலக் குழாயில் ஒரு பக்கம் ஆப்பு மாதிரி வெட்டி எடுத்து, சுருக்கிப் பற்றவைத்துச் செய்யலாம். எந்தப் பக்கம் எப்படி வர வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் எழுதினால் அது அதிகப்பிரசங்கித்தனம். தோளில் தூக்கி வளர்த்தவருக்கு மருமகன் பாடம் எடுப்பதா? நீங்களே பக்கத்தில் நின்று வேம்புலிக்கு வைத்துக் கொடுங்கள்.

நாகவல்லி குடம் தூக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. நடப்பது வேறு, குடத்தோடு நடப்பது வேறு. இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். அந்த ஒரு தைரியம்தான். குழாய் என்றைக்கு வரும்?

உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,
தசரதன்.


திருமுல்லைவாயில் மேடு,
29-4-1943

பரீட்சையில் தேறிய மருமகனுக்கு மாமனின் வாழ்த்து. நான் நினைத்ததை அப்படியே எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் ஆளுக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பாடி ரோட்டில் பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடுகிற லாரிகளுக்கு இரும்பு பற்றவைக்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே போய் நானே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத் தட்டை ரெடியூசர் செய்யவைத்தேன். பட்டறைக்காரன் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்றான். ஜாம்ஷெட்பூரிலேயே என்னைக் கேட்டுத்தான் செய்கிறார்கள் என்றேன். வாயைப் பிளந்தான்.

பூட்டியும் ஆயிற்று. தட்டைப் பக்கத்தை அடியில் வைத்து, செங்கல் தாங்கியின் மேல் உட்கார வைத்தேன். அசைத்தாலும் அசையாது, அம்மி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வேம்புலியும் அதே மாதிரி வைத்துக்கொண்டான். எஞ்சினுக்குக் கொடுத்த எண்ணெய் தீர்ந்துவிட்டது, இனிமேல் சோதனை நாளன்றுதான் கொடுப்பார்களாம், அதனால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. சோதனை மே பத்தாம் தேதி. மேட்டில் எல்லோரும் புதுக் குடம் வாங்கச் சந்தைக்குப் போகிறார்கள்.

நாகவல்லிக்கு வயிற்றை இழுத்துப் பிடிக்கிறதென்று சொன்னாள். மாங்காய் தின்றிருப்பாள். குடத்தை இடுப்பிலிருந்து தலைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன், சரியாகிவிட்டது. ஸ்டேஷனில் பட்டாளத்து ரயில் நின்றால் குழாயை மூடிவிடுகிறார்கள், நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். உன் அத்தைக்குத்தான் வாய் நீளம். "உன் பேச்சுதான் தண்ணியா கொட்டுது, அத்த குடத்துல புடிக்க முடிஞ்சா எம் பொண்ணு ஏன்யா ஸ்டேஷனுக்கு ஓட்றா" என்கிறாள். பத்தாம் தேதிக்கு மேல் அவள் வாயும் அடைபடும்.

மகிழ்ச்சியோடு இரு.
சின்னப்பையன், ஹெட் பைப் மேஸ்திரி மற்றும் பம்பு நிபுணர்.


ஜாம்ஷெட்பூர்,
8-5-1943

மாமா, வணக்கம். சுகம் விசாரிக்கக் கை ஓடவில்லை.

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. தட்டைப் பக்கம் அடியில் வரக் கூடாது. தட்டைப் பக்கம் மேலே. சரிவு கீழே. காற்று எப்போதும் மேலேதான் ஏறும். மேலே சரிவு இருந்தால் பம்பின் வாயை விட உயரமான அந்த மூலையில் போய்த் தங்கும், புனல் ரெடியூசரை விட இது இன்னும் மோசம். மேலே தட்டையாக இருந்தால் தங்க இடம் இல்லாமல் தண்ணீரோடு பம்புக்குள் போய்விடும். பூட்டிய மரையாணிகளையெல்லாம் கழற்றி ரெடியூசரைப் புரட்டிப் போடுங்கள். புரட்டினால் ஆறங்குலக் குழாய் ரெண்டு விரற்கடை கீழே இறங்க வேண்டும், அதற்குச் செங்கல் தாங்கிகளை இடித்துத் தாழ்த்துங்கள்.

இது போய்ச் சேரும் முன் பத்தாம் தேதி வந்துவிடும். தந்தி ஆபீசுக்கு ஓடினேன். சாவுச் செய்தியா என்று கேட்டார்கள். இல்லை, ரெடியூசர் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பட்டாளத்துத் தந்தி முடிந்தால்தான் மற்றதெல்லாமாம்.

போன மாதமே இந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். மாமனுக்குச் சொல்வதா என்று விட்டேன். மன்னியுங்கள்.

நாகவல்லியைக் குடம் தூக்க விடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.
தசரதன்.


திருமுல்லைவாயில் மேடு,
11-5-1943

தசரதனுக்கு மாமன் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும்.

நேற்றுச் சோதனை நடந்தது. வெள்ளைக்கார அதிகாரி வந்தார், கூடவே நாலைந்து பேர். மேட்டு சனம் முழுவதும் வேலிக்கு வெளியே குடத்தோடு நின்றது. நான் தலைப்பாகை கட்டிக்கொண்டு எஞ்சினைச் சுற்றிவிட்டேன். தண்ணீர் யானைத் துதிக்கை மாதிரி கொட்டியது, அது பொய் இல்லை, எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் இருமியது. நான் மறுபடி தண்ணீர் ஊற்றினேன். மறுபடி இருமியது. பொழுது சாய்கிற வரைக்கும் ஊற்றினேன். தொட்டியில் முழங்கால் அளவு கூட நிற்கவில்லை.

அதிகாரி ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. கண்ட்ராக்டர்தான் எடுத்துச் சொன்னார்: மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பார்கள், அதற்குள் தொட்டி நிரம்பாவிட்டால் வேறு ஆள். மேட்டுக் குழாய்ப் பேச்சு அதோடு சரி.

எஞ்சின் எண்ணெயில் கலப்படம் என்று நினைக்கிறேன். வெயிலும் அதிகம். பாடியில் வேம்புலி பம்பும் அன்றைக்கே நின்றுவிட்டதாம். ரெண்டு இடத்திலும் ஒரே கோளாறு என்றால் அது கிரகக் கோளாறுதான், ஆளைச் சொல்லிக் குற்றமில்லை.

திரும்பி வரும்போது எல்லோரும் என்னை விட்டு முன்னாலேயே நடந்தார்கள். பக்கத்துக் குடிசைப் பொன்னியம்மா மட்டும் காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, "மேஸ்திரி, லைட் அவுஸு தெர்தா பாரு, தண்ணி அப்பால வரட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்திருந்தால் கூடத் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சின்னப்பையன்.


ஜாம்ஷெட்பூர்,
20-5-1943
(கார்டு)

மாமாவுக்கு வணக்கம். பதினோராம் தேதி எழுதியது கிடைத்தது. ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதில் நாகவல்லி பேர் இல்லை. ஏன் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.
தசரதன்.


திருமுல்லைவாயில் மேடு,
29-5-1943

மருமகன் தசரதனுக்கு. நலமாக இருக்கிறாயா அப்பா.

நீ எட்டாம் தேதி எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஏரிக்கரைக்குப் போனேன். தாங்கிகளை இடித்தேன். ரெடியூசரைப் புரட்டினேன். தட்டைப் பக்கம் மேலே. எஞ்சினை ஓட்டினதும் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. இருமல் வரும் வரும் என்று காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மேட்டில் குழாய் வந்துவிட்டது. தண்ணீர் நன்றாக இருக்கிறது.

வேம்புலியைப் பற்றி உனக்கு எழுத வேண்டும்.

அவனுக்கு ஒரு மகள். ஒரே மகள். வயிற்றில் ஐந்தாம் மாதம். அப்பன் வாயை நம்பித் தெரு முழுவதும் புதுக் குடம் வாங்கியது, தண்ணீர் வரவில்லை. தெருவில் யாரும் அவன் முகத்தில் விழிப்பதில்லை. இந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவருவது போதாதென்று பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் எதிர்வீட்டுக்கும் சேர்த்து ஸ்டேஷனிலிருந்து சுமக்க ஆரம்பித்தாள். கிழவி வேண்டாம் என்றாளாம். "எங்க நைனா சொன்ன தண்ணி வர்ற வரிக்கும் நான் கொண்ணாந்து ஊத்றேன் ஆயா" என்றாளாம். அப்பனுக்கு இது தெரியும். தடுக்கவில்லை. தடுத்தால் தன் தண்ணீர் வராது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று சும்மா இருந்தான்.

ரயில்பாதைக் கரை ஏறும்போது குடத்தோடு விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. அவள் உயிருக்குப் பயமில்லை, ரயில்வே ஆஸ்பத்திரி நர்சு வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு மறுநாள்தான் கடிதம் வந்தது. அவனுக்கும் ஒரு கடிதம் வந்தது என்று வைத்துக்கொள்.

குழாய் வந்த அன்றைக்கு வேம்புலி ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு போய் மகளுக்குக் கொடுத்தான். அவள் எழுந்து உட்கார்ந்து குடித்தாள். "நல்லா கீது நைனா" என்றாள். சொம்பைக் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவனுக்கு ஒரு மருமகன், தூர தேசத்தில் இருக்கிறான். அவனுக்கு இதை எப்படி எழுதுவது என்று வேம்புலி என்னைக் கேட்கிறான். இந்த மேட்டில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த கை இது. இதற்கு மட்டும் வரவில்லை. நீ படித்தவன். என்ன எழுதலாம் என்று நீ சொல்.

சின்னப்பையன்.


ஜாம்ஷெட்பூர்,
7-6-1943

மாமாவுக்கும் அத்தைக்கும் தசரதன். நாகவல்லி எழுந்து நடக்கிறாளா, சோறு சாப்பிடுகிறாளா என்பதைத் தவிர எனக்கு விசாரிக்க ஒன்றுமில்லை.

வேம்புலி இனி எழுத வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். அவர் மருமகனுக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையில் அன்றைக்கு அவன் கையிலிருந்த இடுக்கியைப் பக்கத்தில் இருந்தவர்தான் வாங்கி வைத்தார்.

அந்த மருமகனைப் பற்றி வேம்புலிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுங்கள். கேட்டது வேம்புலிக்காக இல்லை என்று, வேம்புலி பேர் வந்த முதல் கடிதத்திலேயே அவனுக்குத் தெரியும். எந்தப் பக்கம் மேலே என்பதும் தெரியும். மாமனாருக்குத் தெரியாது என்பது தனக்குத் தெரிந்துவிட்டதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அதை நாசூக்காக எழுதாமல் விட்டான். ஒரு வரி மாமா. அந்த வரி இருந்திருந்தால் பத்தாம் தேதியே மேட்டில் தண்ணீர் வந்திருக்கும். அவள் அந்த ரயில்பாதைக் கரை ஏறியிருக்க மாட்டாள். பழியில் பாதியை வேம்புலி வைத்துக்கொள்ளட்டும், பாதி அந்த மருமகனுடையது.

லீவு கேட்டேன். இல்லை என்றார்கள். யுத்த வேலையை விட்டுச் சொல்லாமல் போனால் பிடித்து உள்ளே போடுவார்களாம். போடட்டும். பத்துப் பதினைந்து நாளில் டிக்கெட் பணம் சேர்ந்துவிடும், சேர்ந்ததும் கல்கத்தா வண்டி ஏறி, அங்கிருந்து மெட்ராஸ் மெயில்.

நான் வந்து சேரும் வரைக்கும் நடக்க வேண்டியதை, மரியாதை பார்த்து எதையும் விடாமல், எழுதுகிறேன். நாகவல்லி குடத்தைத் தொடக் கூடாது. அத்தையும் கல் உடைத்துவிட்டு வந்து தூக்கக் கூடாது. குடத்தை எடுத்துக்கொண்டு பெண்களோடு வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து வர வேண்டியது நீங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பொன்னியம்மாவுக்கும் ஒரு குடம் ஊற்றிவிட்டு வாருங்கள்.

வேம்புலி இல்லை மாமா. நீங்கள்.

தசரதன்.